ஒரே ரூம், மூன்று பார்ட்டி

அத்தியாயம் 11

"ஏறுதியா இல்லியா அண்ணே? நீ தலை சீவி முடிக்கதுக்குள்ள சூரியன் உதிச்சு, மறைஞ்சு, நாளைக்கும் உதிச்சிரும்!"

கோட்டாற்றில் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, ஸ்கூட்டரை உறுமவிட்டபடி அஜிதா சத்தம் போட்டாள். அண்ணன் பிரதீஷ் சீப்பைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு ஓடிவந்து பின்னால் உட்கார்ந்தான்.

பிரதீஷுக்கு முப்பத்துநாலு வயது. சென்னையில் பெரிய ஐ.டி. கம்பெனியில், லண்டன் பாங்க் ஒன்றின் வேலையை நாற்பது பேரை வைத்து நடத்திக்கொண்டிருந்தவன். போன மாதம் கம்பெனி அவனைக் கூப்பிட்டு, நாற்பது பேர் செய்ததை இனி பத்துப் பேரும் ஏ.ஐ.யும் செய்துகொள்வார்கள் என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டது. வீட்டில் யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்று சொல்லி ஊருக்கு வந்தவன், தினமும் பத்து மணிக்கு மொட்டைமாடியில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதிரில் யாருமே இல்லாத மீட்டிங்கில் இங்கிலீஷ் பேசுகிறான். பாவி, நடுநடுவே சிரிக்கவும் செய்கிறான்!

அப்பா முருகதாஸ் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். கம்போளத்தில் கால் கிலோ மீன் வாங்கப் போனாலும், "எனக்க மவன் லண்டன் பாங்க்கையே பாத்துக்கிடுதான்" என்று சொல்லாமல் திரும்ப மாட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து பெண் வீட்டார், மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கும் அந்த லண்டன் கதையைத்தான் சொல்லிவைத்திருக்கிறார்.

அண்ணன் கதை இப்படி. தங்கச்சி கதை வேறு.

அஜிதாவின் சாஃப்ட்வேர் கம்பெனி, கோட்டாற்றில் ஒரு மிளகாய் மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே வத்தல் மூட்டை பிரித்தால் மேலே பதினோரு பேரும் வரிசையாகத் தும்முவார்கள். வீடியோ காலில் துபாய்க்காரன் ஒருத்தன், "உங்கள் ஆபீசில் எல்லோருக்கும் ஜலதோஷமா?" என்று கேட்டே விட்டான். அந்தப் பதினோரு பேரில் பாதிப்பேர், முன்பு விடியற்காலை ரயில் பிடித்துத் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய், ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள். இப்போது மத்தியானம் வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். தோவாளைப் பூ வியாபாரி, குலசேகரம் ரப்பர் கடை, தேங்காப்பட்டணத்துக்காரர் சவூதியில் தம்மாமில் நடத்தும் சூப்பர் மார்க்கெட் என்று, பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத வேலையையெல்லாம் அஜிதா தேடித் தேடிப் பிடித்தாள். அவள் கணவன் தோஹாவிலிருந்து, "எப்ப வாறே இங்க?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது "நான் எப்ப வரட்டும் அங்க?" என்று கேட்கிறான்.

இன்றைக்கு அவள் பிடித்திருக்கும் வேலை, இதுவரை பிடித்ததிலெல்லாம் பெரியது. கன்னியாகுமரியில் பதினான்கு லாட்ஜ்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ரூம் பதிவுக்குப் புது கம்ப்யூட்டர் சிஸ்டம் போட நினைக்கிறார்கள். கொச்சியிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ரெடிமேடாக ஒன்றை நீட்டிக்கொண்டிருக்கிறது. "ஒரு நாள் எனக்க லாட்ஜுல ஓட்டிக் காட்டு. ஓடினா பதினாலும் உனக்கு. ஓடலைன்னா கொச்சிக்காரனுக்கு" என்று சொல்லியிருந்தாள் விக்டோரியா. பதினான்கு பேருக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். அந்த ஒரு நாள், இன்று.

"வெப்ராளமா இரிக்கா அஜி?" என்று அவள் பதற்றத்தைப் பார்த்துப் பின்னாலிருந்து கேட்டான் பிரதீஷ்.

"பின்ன இருக்காதா? நேத்து முழுக்க அங்கதான் கெடந்தேன். வீட்டுக்கு வந்து விழுந்தவதான், இப்பத்தான் எழும்பினேன்."

பிரதீஷ் இருட்டில் சிரித்துக்கொண்டான். அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. நேற்றுச் சாயங்காலம், அஜிதா கன்னியாகுமரியில் இருந்த நேரம், அவள் லேப்டாப் வீட்டு மேஜையில் திறந்து கிடந்தது. சும்மா பார்க்கலாமே என்று உட்கார்ந்தவன் திடுக்கிட்டான். ஒரே தேதியில், ஒரே ரூமுக்கு, சோதனைக்காகப் போட்ட மூன்று வேறு வேறு பேர்! ஒரு ரூமை மூன்று பேருக்கு விற்கிறதே இந்த சிஸ்டம்! காலேஜ் பையன்கூட விடமாட்டானே இப்படி ஓட்டை! பத்தே நிமிஷத்தில் அடைத்தான். ஒரு தேதிக்கு ஒரு ரூம், ஒரு பார்ட்டி. அதற்குமேல் யார் கேட்டாலும் "ரூம் இல்லை." அடைத்ததை அப்படியே லாட்ஜ் சிஸ்டத்தில் ஏற்றியும் விட்டான்.

ஒரு மாதமாக யாருக்கும் வேண்டாதவனாக இருந்தவனுக்கு, அந்தப் பத்து நிமிஷம் பழைய தெம்பைத் திரும்பக் கொடுத்திருந்தது. வேலை நல்லபடியாக முடிந்ததும், சாயா குடிக்கும்போது, "உனக்க கம்பெனியை நேத்து ஒருத்தன் காப்பாத்தினான் தெரியுமா?" என்று ஆரம்பிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான்.

லாட்ஜுக்குப் போய்ச் சேரும்போது ஆறரை. மார்கழி மாதம், ஐயப்ப சீசன். ரூம் பையன்கள் மாடிமாடியாகக் கதவைத் தட்டி, "சாமி, சூரியன் வாறாரு! எழும்புங்க சாமி!" என்று கத்தி முடித்திருந்தார்கள். கறுப்பு வேட்டிகள் மொத்தமும் கடற்கரையில் நின்றன. வரவேற்பில் விக்டோரியா, வெள்ளைச் சேலையும் கழுத்தில் ஜெபமாலையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"வா மக்களே. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல வந்த பஸ் எல்லாம் உனக்க மிஷின்ல கேறியாச்சு. முப்பத்திரண்டு ரூமும் ஃபுல். ஒரு முடக்கும் இல்ல."

அஜிதாவின் முகம் மலர்ந்தது. பிரதீஷின் முகம் அதைவிட மலர்ந்தது.

ஏழே முக்காலுக்கு, சூரியனைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் ரூம்களைக் காலிசெய்து படகுத்துறைக்குப் போனது. அது போன கையோடு, குண்டூரிலிருந்து வந்த பஸ் ஒன்று வாசலில் நின்றது. நாற்பத்தாறு சாமிகள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் இருந்தவர்கள். குளித்து, துணி மாற்றி, பத்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கே இதற்கு "ஃப்ரெஷ்-அப்" என்று பெயர். ஒரு மாதம் முன்பே போனில் பதிவு செய்தவர்கள்.

வரவேற்பில் இருந்த பெண் பட்டனைத் தட்டினாள். திரை சிவப்பானது. "இந்தத் தேதிக்கு ரூம் இல்லை."

அடுத்த ரூமைத் தட்டினாள். சிவப்பு. அதற்கடுத்தது. சிவப்பு. முப்பத்திரண்டு ரூமும் சாவி ஆணியில் தொங்க, சிஸ்டம் மட்டும் ஒன்றுகூட இல்லை என்று அடம்பிடித்தது.

"என்ன பிள்ளே இது?" என்று விக்டோரியா எழுந்தாள்.

பிரதீஷுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. ஐயோ! சூரிய உதயத்துக்கு ஒரு பார்ட்டி, குளிக்க ஒரு பார்ட்டி, அஸ்தமனம் பார்த்துவிட்டு ராத்திரி பஸ் ஏற ஒரு பார்ட்டி. இந்த ஊரில் ஒரு நாளில் ஒரு ரூம் மூன்று முறை போகும். உலகம் முழுக்க லாட்ஜுக்கு நாள் ஒன்று என்றால், கன்னியாகுமரி லாட்ஜுக்கு நாள் மூன்று பொழுது. அஜிதா நான்கு நாள் இந்த வரவேற்பில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, யார் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று எழுதி எழுதிக் கட்டிய சிஸ்டம் அது. கொச்சிக்காரனிடம் இல்லாதது அந்த ஒன்றுதான். அதைத்தான் இவன் ஓட்டை என்று அடைத்து வைத்திருக்கிறான்.

பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவன்! ஆனால் சொந்த ஊர்க்காரன் எவன் கன்னியாகுமரியில் ரூம் போடுகிறான்? பஸ்ஸில் போய், கடலைப் பார்த்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவான். லாட்ஜ் எப்படி ஓடுகிறது என்று அவனுக்கு எங்கே தெரியும்?

சொல்லிவிடு என்றது மனசு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அஜிதா கோட்டாறு ஆபீசுக்குப் போன் போட்டாள். இந்த சிஸ்டத்தை அவளோடு சேர்ந்து எழுதிய ரேஷ்மி, சொன்னபடி ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ரேஷ்மி, மூணு பொழுதும் அடைஞ்சு கெடக்கு. என்னண்ணு பாரு."

"அக்கா, நான் ஒண்ணும் தொடல்ல அக்கா. சத்தியமா தொடல்ல." போனிலேயே அழுகை கேட்டது.

"நீ தொட்டேண்ணு ஆரு சொன்னா? அழாம பாரு. கெடைச்ச உடனே கூப்பிடு."

வெளியே பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை. எதிர் லாட்ஜ் புரோக்கர் ஒருத்தன், "சாமி, இக்கட ரண்டி, ரூம் உந்தி" என்று தெரிந்த நாலு வார்த்தைத் தெலுங்கில், ரூம் இருக்கு வாங்க என்று வலை வீசிக்கொண்டிருந்தான். பின்னால் இன்னொரு பஸ் வந்து நின்றது.

அடுத்து அஜிதா செய்ததை பிரதீஷ் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரிலிருந்து முடிந்துபோன கார்த்திகைத் தாளைக் கிழித்தாள். பின்பக்கம் முப்பத்திரண்டு கட்டம் போட்டாள். "சாவியை எல்லாம் இறக்குங்க. ரூம் பையன்மாரு மாடிக்கு ஒருத்தனா நில்லுங்க. தரை துடைச்சாச்சுண்ணா நம்பரை மட்டும் சத்தமா சொல்லணும், வேற ஒரு பேச்சும் பேசப்படாது." குருசாமியைக் கைகூப்பி அழைத்து உட்காரவைத்தாள். தெலுங்கு தெரியாது. விரலைக் காட்டி, ரூமுக்கு நாலு பேர் என்று புரியவைத்தாள். "இருநூத்தி ஏழு!" என்று மேலிருந்து குரல் வரும், கட்டத்தில் பேர் விழும், சாவி கைமாறும். குரல் உயரவே இல்லை. நடுவில் வயசான சாமி ஒருவர் தடுமாறினார். அவரைக் கீழ்த்தளத்து ரூமுக்கு மாற்றவும் அவளுக்கு நினைவிருந்தது.

லண்டன் சர்வர் ஒரு தடவை அரைமணி நேரம் நின்றபோது, நாற்பது பேரும் போனில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது பிரதீஷுக்கு ஞாபகம் வந்தது. அதில் எல்லோரையும்விட உரக்கச் சொன்னவன் அவன்தான். இவள் ஒருத்தி, ஒரு பேனாவை வைத்துக்கொண்டு ஒரு லாட்ஜையே ஓட்டுகிறாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக இருந்தது.

இருபத்தைந்து நிமிஷத்தில் இரண்டு பஸ்ஸும் உள்ளே. வாசல் காலி. எதிர் லாட்ஜ் புரோக்கர் பீடி பற்றவைத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

போன் அடித்தது. அஜிதா கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கண்டுபிடிச்சாச்சு." ரேஷ்மி தயங்கினாள். "நேத்து சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு மாத்தி ஏத்தியிருக்கு. ஒரு தேதிக்கு ஒரு பார்ட்டிதாண்ணு. அது... உங்க பேருல இருக்கு அக்கா."

அஜிதாவின் பேனா நின்றது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. வீட்டு மேஜை, திறந்து கிடந்த லேப்டாப், எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

"சரி ரேஷ்மி. பழையதைத் திரும்ப ஏத்து" என்றாள். பிறகு விக்டோரியா பக்கம் திரும்பினாள். "எனக்க பேருல நடந்தது எனக்க தப்புதான் விக்டோரியாக்கா. வேற ஆரையும் சொல்லதுக்கில்ல."

விக்டோரியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"அஞ்சே முக்காலுக்கா? அஞ்சே முக்காலுக்கு நீ எனக்க முன்னால, இந்தா இந்த நாற்காலியில உக்காந்து சாயா குடிச்சிட்டுல்லா இருந்தே? உனக்க கையில மிஷினே இல்லியே பிள்ளே!"

அஜிதா பேனாவுக்கு மூடி போட்டாள்.

"அவ இல்ல. நான்."

தன் குரல்தானா என்று பிரதீஷுக்கே சந்தேகமாக இருந்தது. "நான்தான் மாத்தினேன். அவகிட்ட கேக்கல்ல. ஒரு ரூமை மூணு பேருக்குக் குடுக்கதைப் பாத்து, தப்புண்ணு நினைச்சேன். முதல் சிவப்பு விழுந்தப்பமே எனக்குத் தெரியும். அப்பவே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல சரியாயிருக்கும். வாய் வரல்ல."

விக்டோரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீரு இவளுக்க அண்ணன்லா? சென்னையில பெரிய கம்பெனி, லண்டன் பாங்க்குண்ணு சொன்னாளே?"

இங்கே ஒரு பொய் போதும். ஒரு மாதமாகப் பழகிய பொய். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. கார்த்திகைத் தாளின் பின்பக்கம் தங்கச்சி போட்ட முப்பத்திரண்டு கட்டம் கண்ணில் பட்டது.

"அந்த வேலை போயிட்டு. போன மாசமே."

அஜிதா மெதுவாகக் கேட்டாள். "அப்பம்... மொட்டைமாடியில தெனமும் பேசுவியே அண்ணே? மீட்டிங்?"

"அந்தப் பக்கம் ஆரும் இல்ல அஜி."

அஜிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை கலவரத்திலும் கலங்காதவள், அந்த ஒரு வரியில் கலங்கினாள். தினமும் பத்து மணிக்கு, அண்ணன் மீட்டிங்கில் இருக்கிறான், சத்தம் போடாதீர்கள் என்று தெருப்பிள்ளைகளை விரட்டியவள் அவள்தான். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு விக்டோரியாவிடம் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுகேன். இன்னைக்கு நடந்தது நடந்து போச்சு. இனி ஒரு வாரம் எனக்க ஆளு ஒருத்தன் காலம்பற ஆறு மணிலேருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இங்க நிப்பான். மிஷின் நின்னாலும் ரூம் நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

"ஆரு அந்த ஆளு?"

"இந்தா நிக்கானே, இவன்தான்."

பிரதீஷ் வாயைத் திறந்தான். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜை அதிரச் சிரித்தாள். "கொள்ளாம் மக்களே! கொச்சிக்காரன்கிட்ட, மிஷின் நிண்ணா என்ன செய்வேண்ணு கேட்டேன். ஒரு நம்பர் தந்தான். கூப்பிட்டா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குண்ணு ஒரு பொம்பளை பாடுதா. நீ எனக்க காலண்டரைல்லா கிழிச்சே!" சாவிப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "பதினாலும் இப்பம் தரமாட்டேன், கேட்டியா. ஓடினாத்தான் பதினாலும்ணு சொன்னேன், இன்னைக்கு மிஷின் நிண்ணுட்டே. அஞ்சு லாட்ஜ் தாறேன். தை பிறந்தா மத்ததுக்கும் வழி பிறக்கும். அண்ணனை மட்டும் ஒழுங்கா நிக்கச் சொல்லு."

ஐந்து! அஜிதா ஒரு துள்ளல் துள்ளினாள். போனில் ரேஷ்மியும் மற்றவர்களும் கூச்சலிட்டார்கள்; அந்தக் கூச்சலுக்கு நடுவே நாலைந்து தும்மலும் கேட்டது. கீழே வத்தல் மூட்டை பிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

திரையில் 207 பச்சையாகியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் எழுந்து பிரதீஷுக்கு இடம் விட்டாள். அவன் போய் உட்கார்ந்தான். நாற்பது பேருக்குத் தலைவனாக உட்கார்ந்தபோது வராத பயம், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்தது.

"அப்பாகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?" என்று காதோரம் கேட்டாள் அஜிதா.

"ஞாயித்துக்கெழமைக்கு முன்ன நானே சொல்லுதேன். ரெண்டு நாள் தா."

சொல்லி வாய் மூடவில்லை, அஜிதாவின் போன் மறுபடியும் அடித்தது. அப்பா.

"மக்களே, அண்ணன் பக்கத்துல உண்டா? மார்த்தாண்டத்துக்காரங்க ஞாயித்துக்கெழமை வரல்ல, இன்னைக்கே வாறாவ. சாயங்காலம் நாலு மணிக்கு. உனக்க அம்மை கேசரிக்கு ரவை வறுக்கா. அவனைச் சீக்கிரம் வரச் சொல்லு, அந்த நீலச் சட்டையைப் போடச் சொல்லு. லண்டன்காரன்கிட்ட அரைநாள் லீவு கேட்டா தரமாட்டானா?"

அஜிதா போனை நீட்டினாள். பிரதீஷ் வாங்கிக்கொண்டான். வாசலில் மூன்றாவது பஸ் வந்து நின்றது. சாமிகள் இறங்கத் தொடங்கினார்கள்.

"அப்பா, நாலு மணிக்கு வர முடியாது. எனக்கு ஆறு மணி வரைக்கும் டியூட்டி."

"என்னலே டியூட்டி? எங்க?"

"கன்னியாகுமரியில. விக்டோரியாக்காவுக்க லாட்ஜ்ல. ரிசப்ஷன்ல இருக்கேன். அஜிதா கம்பெனியிலதான் எனக்கு இப்ப வேலை. சென்னை வேலை போயிட்டுப்பா."

அந்தப் பக்கம் அடுப்படியில் கரண்டி உரசும் ஓசை மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"அப்பா?"

"அங்கேயே இரு" என்றார் முருகதாஸ். "நாலு மணிக்கு மார்த்தாண்டத்துக்காரங்களையும் கூட்டிக்கிட்டு நான் அங்க வாறேன்."